கவைத்துருத்தி ஓலையைத் திருத்தியது

நலம் பெருகுக. மலை தந்த நீரும் மண் தந்த நெல்லும் குறையாத பொன்வயல் நாட்டை அறம் பிறழாது ஆளும் பெருமன்னர் இளவெண்கோவின் ஆணைப்படி, தலைநகர் கூடலேரியிலிருந்து, அரச ஓலைகளுக்குத் தலைவனும் எழுத்தாணிப் பட்டறைக்கு ஆசானுமாகிய வெண்பூதன் விடுக்கும் ஓலை. மூன்று ஆற்றுப் போர்களில் வாகை சூடியவரும், சிலம்பாற்றின் வடகரைக் கோட்டையைக் காப்பவருமாகிய ஏனாதி வயிரவேள் இதனைக் கைக்கொள்க. உமது மதில் தளராதிருக்க. உமது வீரர் நோயின்றி வாழ்க. உமது ஓடங்கள் ஓட்டையின்றி இருக்க. கடைசி வாழ்த்தை நான் வழக்கத்துக்காக எழுதவில்லை. இவ்வோலையை முழுதும் படிக்குமுன் பதினெட்டு ஓடங்களையும் நீரில் இறக்கச் சொல்லும். மீதியை ஓடத்தில் அமர்ந்து படிக்கலாம்.

கோட்டைக்குக் கீழே ஒரு நாள் தொலைவில், ஆற்றின் நடுவில் கிடக்கும் கவைத்துருத்தி என்னும் தீவூரை நீர் அறிவீர். அவ்வூரை வெள்ளம் சூழ்ந்து இன்றோடு முப்பத்திரண்டு நாள் ஆகிறது. ஊரின் ஓடங்கள் முதல் நாளே அடித்துச் செல்லப்பட்டன. நெற்குதிர்கள் நீரில் மூழ்கின. பின் காய்ச்சலும் வந்தது. அரச ஓலை இன்றிக் கோட்டை ஓடங்கள் அசையக் கூடாது என்பது நம் சட்டம். ஆதலால் ஊரின் எழுத்தறிந்த ஒரே பெண்ணான கொற்றி என்பவள், உமக்கு எழுதாமல் அரண்மனைக்கு எழுதினாள். அவள் செய்தது முறையே. முறை தவறியவர்கள் இங்கே இருந்தோம்.

பட்டறையைப் பற்றி நீர் முன்பே நன்றாகக் கேலி செய்திருக்கிறீர். எழுத்தாணி பிடித்து விளையாடும் கூட்டத்தைத் துடுப்புப் பிடிக்க அனுப்பினால் நாட்டுக்கு நன்மை உண்டு என்று பேரவையில் நீர் சொன்னபோது நானும் உடன் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. எழுத விரும்புவோர் எவராயினும் மாதந்தோறும் நாம் தரும் பொருளில் ஓர் ஓலை எழுதி அனுப்பலாம். முழுநிலா நாளில் அவற்றை அவையில் படித்து, குறை கூறி, திருத்தம் பொறித்துத் திருப்பி அனுப்புவோம். குலமும் செல்வமும் பார்த்து எவரும் புகழக் கூடாது என்பதற்காக, ஊரும் பேரும் எழுதிய ஓலை நுனியை முதலிலேயே நறுக்கி ஒரு பானையில் இட்டுவிடுவோம். திருப்பி அனுப்பும் நாளில் எழுத்தர் அதை வெட்டுவாய் பார்த்துப் பொருத்திக் கட்டுவார். இம்முறையை வகுத்தவன் நானே. அதில் எனக்குக் கர்வம் உண்டு. உண்டு என்பதை இருந்தது என்று திருத்திக்கொள்கிறேன்.

ஆடி மாதத்துக்கு நான் கொடுத்த பொருள், வெள்ளம் சூழ்ந்த ஊரார் மன்னருக்கு விடுக்கும் விண்ணப்பம். நாற்பது ஓலைகள் வந்தன. அரண்மனைக்கு வரும் ஓலைகளையும் பட்டறைக்கு வரும் ஓலைகளையும் ஒரே எழுத்தர்தாம் பிரிப்பார். கொற்றியின் ஓலை வெள்ளத்தைப் பற்றியது என்று கண்டதும் அவர் நுனியை நறுக்கிப் பட்டறைக் கூடையில் இட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அவள் பேசுவது போலவே எழுதியிருந்தாள். “தண்ணி ஊருக்குள்ள வந்துருச்சு. ஓடம் ஒண்ணுகூட இல்ல. அறுபது குடி கோயில் மேட்டுல கெடக்கோம். பேச்சியோட ஆடு மட்டும் கூரை மேல நின்னு கத்திக்கிட்டே இருக்கு, அதை எறக்க ஆளில்ல.” இவ்வாறு தொடங்கி, இறந்த ஐவரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தாள்.

அவையில் அதைப் படித்தோம். மன்னரை வாழ்த்தாமல் தொடங்கியது குற்றம் என்றார் ஒருவர். ஐந்து பெயர்கள் படிப்பவரைச் சோர்வடையச் செய்யும், ஒன்று போதும் என்றார் இன்னொருவர். உயிர் போகும் வேளையில் ஆட்டைப் பற்றி எவரும் எழுதார் என்று மூன்றாமவர் சொல்ல, அவை நகைத்தது. சிறு தீவில் அறுபது குடி என்பது நம்பும்படி இல்லை, எண்ணைக் குறைக்க வேண்டும் என்று சொன்னவன் நான். இவை எல்லாவற்றையும் பொறித்து, அடியில் என் கையாலேயே ஒரு வரி சேர்த்தேன்: உண்மைத் தன்மை போதாது, மீண்டும் எழுதுக. அந்தக் கையால்தான் இதையும் எழுதுகிறேன்.

திருத்திய அவ்வோலையை ஆற்றங்கரை வரை கொண்டு சென்ற அஞ்சல் ஓட்டரை இன்று அழைத்து விசாரித்தேன். சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு தீவிலிருந்து நீந்தி வந்த ஒருவன், ஓடங்கள் வருகின்றனவா என்று கேட்டதாகவும், அரண்மனையின் மறுமொழி ஓலையிலேயே இருக்கிறது என்று தாம் சொன்னதாகவும், அவன் அதைத் தலையில் வைத்துக் கட்டிக்கொண்டு மறுபடி நீரில் இறங்கியதாகவும் அவர் கூறினார்.

இன்று காலை கொற்றியின் இரண்டாம் ஓலை வந்தது. பட்டறையின் பொருள் மாறி நாளாகிவிட்டதால், பழைய பொருளில் யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று எழுத்தர் அதை நுனி நறுக்காமல் என்னிடம் தந்தார். மன்னர் வாழ்த்து முறையாக இருந்தது. இறந்தவர்களில் ஒரு பெயர் மட்டும் இருந்தது. ஆடு இல்லை. முதல் ஓலையின் பிழைகளைப் பொறுத்தருள வேண்டும் என்றும், இம்முறை சரியாக எழுதியிருந்தால் ஓடம் அனுப்ப வேண்டும் என்றும் கேட்டிருந்தாள். அறுபது குடி என்பது நாற்பத்தொரு குடி ஆகியிருந்தது. சொன்னதை ஏற்று எண்ணைக் குறைத்திருக்கிறாள், நல்ல மாணவி என்று மகிழ்ந்தேன், ஏனாதியாரே. மகிழ்ந்த பிறகுதான் நுனியில் இருந்த ஊரையும் பேரையும் படித்தேன்.

பட்டறைக்கு எழுதுவோர் பதிவேட்டில் கொற்றி என்று எவரும் இல்லை. அவள் எண்ணைத் திருத்தவே இல்லை.

மன்னரிடம் யாவும் சொல்லிவிட்டேன். என்னை என்ன செய்வது என்பதைப் பின்னர் முடிவு செய்வார். முத்திரையை உடனே இட்டார். ஆணை இது. பதினெட்டு ஓடங்களும் நெல்லும் மருந்தும் மருத்துவருமாக இக்கணமே புறப்படுக. அங்கே எவரிடமும் விண்ணப்பம் கேட்க வேண்டா. ஏற்றிக்கொண்ட பின் பேசுக. ஆடு உயிரோடு இருந்தால் அதையும் இறக்குக. கண்டதை உமது கையால் எழுதி எனக்கு அனுப்புக: எத்தனை குடி, எத்தனை பேர், இல்லாதவர் பெயர் அனைத்தும். நம்பும்படி இல்லாவிட்டாலும் அப்படியே எழுதுக. இங்கே அதை எவரும் திருத்தமாட்டார்.

இளவெண்கோவின் இணைக்கயல் முத்திரை இடப்பட்டது. எழுதியவன் வெண்பூதன், இவ்வோலையின் நுனி நறுக்கப்படவில்லை.