பயற்றம் பணியாரமும் கழுத்துச் சுரப்பியும்

மச்சாள்,

இன்று காலை வெறும் வயிற்றில் ஒரு சின்ன வெள்ளைக் குளிகையை விழுங்கிவிட்டு, தேத்தண்ணீர் குடிக்க அரை மணித்தியாலம் காத்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு அன்று வந்த கழுத்துச் சுரப்பி வருத்தம் இந்த வயதில் எனக்கும் வந்திருக்கிறது. சிரிக்காதீர்கள். குளிகை எழுதித் தந்த டொக்டர் பிள்ளை கெட்டிக்காரி. பசியை நடத்துவது வயிறில்லை, மூளைதான் என்றாள். குடலும் உடம்பிலுள்ள கொழுப்பும்கூட 'போதும்', 'இன்னும் வேண்டும்' என்று இரத்தத்தின் வழியாக மூளைக்குச் சேதி அனுப்புமாம். அவள் சொல்லச் சொல்ல நான் உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கண்ணை மூடிப் பன்னிரண்டு வருடமாகிறது.

அறுபதுகளின் தொடக்கத்தில் பெரியண்ணனைக் கட்டிக்கொண்டு முல்லைத்தீவுக் கரைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் மெலிந்த, வாய் ஓயாத பெண். கரைவலையில் வரும் மீனை உங்களைப்போல வேகமாகத் தரம் பிரிக்க கரையிலிருந்த எங்கள் மீன்வாடிக் கொட்டிலில் வேறு ஆள் இருக்கவில்லை. இரண்டாம் வருடம் எல்லாம் மாறிப்போனது. முகம் ஊதியது, குரல் தடித்தது, புருவத்து ஓரமயிர் உதிர்ந்தது. பங்குனி வெயிலில் நாங்கள் வேர்த்து வடிய, நீங்கள் அண்ணனின் சட்டையை மேலே போட்டுக்கொண்டு குளிருது என்பீர்கள். கருவாட்டுக்கு மீன் கிழிக்கும்போதே தூங்கிவிழுவீர்கள். உடம்பு மட்டும் பெருத்துக்கொண்டே போனது.

"தின்னிறதும் படுக்கிறதும்தான் இவவுக்கு வேலை" என்று அம்மா ஊருக்கெல்லாம் சொன்னா. அதை நீங்களே நம்பியதுதான் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. ஏழு தலையான பாவங்களில் இரண்டைச் சனிக்கிழமைதோறும் மாதா கோயில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டு வருவீர்கள். நாங்கள் பஞ்சி என்று சொல்லும் சோம்பல் ஒன்று, போசனப்பிரியம் மற்றது. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசுகாலத்தில் நாங்கள் ஒருசந்தி பிடித்து நாளுக்கு ஒருநேரம் சாப்பிட்டோம். நீங்கள் அந்த ஒருநேரத்திலும் பாதியை நாய்க்கு வைத்தீர்கள். அப்படியும் சட்டை இறுகியது. நானோ ஈர்க்கிலைப்போல இருந்தேன், எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது.

தின்னவும் செய்தேன். உயிர்த்த ஞாயிறுக்கென்று அம்மா பயற்றம் பணியாரம் சுட்டு, தகரப் பேணியில் போட்டுக் குசினி அலுமாரியில் வைத்திருந்தா. ஒருசந்திப் பசியில் ஒன்று எடுத்தேன். ஒன்றோடு நிற்க முடியவில்லை. பெருநாளுக்கு முந்திய பெரிய கிழமையில் அம்மா பேணியைத் திறந்தபோது பாதி இல்லை. அம்மா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஒருசந்தியிலையும் கை சும்மா இருக்கேல்லையோ?" என்று உங்களைக் கேட்டா.

நீங்கள் பேணியை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தீர்கள். அந்த நாட்களில் உங்களுக்கு மறதியும் வந்திருந்தது.

"நான்தானாக்கும், மாமி. எனக்கு நினைவில்லை."

நான் பக்கத்தில் நின்றேன், வாய் திறக்கவில்லை. அன்று பின்னேரமே நீங்கள் கோயிலுக்குப் போய் அதையும் பாவமாகச் சொல்லிவிட்டு வந்தீர்கள். பெருநாள் முடிய உங்களைத் தகப்பன் வீட்டில் கொண்டுபோய் விடும்படி அம்மா அண்ணனிடம் சொன்னா. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்றார். சோற்றில் பாதியை நாய்க்கு வைக்கிற ஆள் பெருப்பது வருத்தமாகத்தான் இருக்கும் என்று பட்டது, அண்ணனிடம் போனேன்.

"அண்ணை, விடுறதெண்டால் முதல் வவுனியா ஆஸ்பத்திரியிலை காட்டிப்போட்டு விடுங்கோ. நீங்கள் தொழிலுக்குப் போங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். நான் அனுமதி கேட்கவில்லை, சொன்னேன்.

வவுனியா டொக்டர் உங்கள் தோலைத் தடவிப் பார்த்தார், பேசவைத்துக் கேட்டார். பிறகு, "இந்தக் கதிரையிலை முழங்காலிலை நில்லுங்கோ பிள்ளை" என்றார். நீங்கள் ஏறி முழந்தாளிட்டு, சிலுவை போட்டு, "நான் பாவி, சுவாமி" என்று தொடங்கிவிட்டீர்கள்.

"நான் சுவாமி இல்லைப் பிள்ளை, டொக்டர்" என்றபடி அவர் உங்கள் குதிகால் நரம்பில் ஒரு ரப்பர்ச் சுத்தியலால் தட்டினார். பாதம் டக்கென்று துள்ளியது. ஆனால் ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் திரும்பி வந்தது.

"பாத்தீங்களோ, திரும்பி வரப் பஞ்சிப்படுது. பஞ்சி இவவுக்கில்லை, கழுத்திலை இருக்கிற சுரப்பிக்கு. மூளைக்கு அடியிலை இருக்கிற சுரப்பி அதை ஏவிக்கொண்டே இருக்கும். இது கேக்குதில்லை. அடுப்பு அணையப் பாக்கேக்கை விறகைக் குறைச்சால் எரியுமோ? இவவைப் பட்டினி போடாதேங்கோ."

"அப்ப பாவமில்லையோ, ஐயா?" என்று கேட்டீர்கள்.

"பாவமில்லை. வருத்தம். குளிகை தாறன்."

திரும்பும் வழியில் பஸ் புளியங்குளத்தில் கொஞ்சநேரம் நின்றது. இனியும் பொறுக்க முடியாமல் சொன்னேன்: "பணியாரத்தைத் திண்டது நான், மச்சாள்."

உங்கள் மறுமொழி எப்போதும்போல ஆறுதலாக வந்தது. "எல்லாத்தையுமோ?"

"ஓம்."

"எனக்கும் ஒண்டு தந்திருக்கலாமேடி."

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள் பாருங்கள், பஸ்ஸிலிருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. அழுதது நான்தான்.

அன்றைய என் பசியும் மூளை ஏவியதுதான் என்று இந்த டொக்டர் பிள்ளை சொல்லுவாள். சொல்லட்டும். பசிக்கு நான் பொறுப்பில்லை. ஆனால் உங்களைப் பழியேற்க விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றதற்குச் சாட்டுச் சொல்ல எந்தச் சுரப்பியும் இல்லை. அது முழுக்க என் வேலை.

அடுத்தநாள் கோயிலுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். முதலில் நீங்கள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்விட்டு வந்து என் காதில் சொன்னீர்கள்: "செய்யாத பாவத்தைச் செய்தனெண்டு சொன்னதும் பாவமோ எண்டு கேட்டனான். சுவாமியார் செருமிப்போட்டு அடுத்த ஆளை வரச்சொல்லிப்போட்டார்." பிறகு என் முதுகில் கையை வைத்தீர்கள். "இப்ப நீ போ. பிறகு மாமியிட்டைப் போ."

சுவாமியார் செபமாலை சொல்லச் சொன்னார். அம்மா அகப்பைக் காம்பால் இரண்டு போட்டா. தகப்பன் வீட்டுக் கதை அன்றோடு நின்றது. ஆவணி பிறக்கமுன் உங்கள் பழைய முகம் திரும்பி வந்தது, பழைய வாயும் வந்தது.

கோயிலில் நீங்கள் என் முதுகில் வைத்த கை, குளிகை இன்னும் வேலைசெய்யத் தொடங்காததால் பங்குனி வெயிலிலும் சில்லென்றிருந்தது. என் பிழைக்கு வேறொருவர் தலை குனிந்து நிற்கும்போதெல்லாம் அது என்னை முன்னால் தள்ளுகிறது. இந்த வயதிலும் எழும்பிப் போய், நான்தான் என்று சொல்லிவிடுகிறேன், மச்சாள்.