முத்தம்மா கண்டுபிடித்த கொக்கி

சுங்கை சிப்புட்,
12-1-1944.

அன்புள்ள முத்தம்மா அப்பாவுக்கு, நவமணி வணங்கி எழுதுவது.

சயாம் ரயில் பாதை வேலையில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறதோ என்ற நினைப்போடுதான் எனக்குப் பொழுது விடிகிறது. நானும் பிள்ளையும் சுகம். அரிசி கிடைப்பதில்லை, மரவள்ளிக்கிழங்கு பழகிவிட்டது. பக்கத்து வீட்டு கார்த்திகேசு அண்ணனை அடுத்த கூட்டத்தோடு அங்கே அனுப்புகிறார்கள். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். பயப்படாதீர்கள், சந்தோஷச் செய்திதான்.

எட்டு வயதாகியும் பிள்ளைக்கு எழுத்து ஏறவில்லையே என்ற கவலையோடுதான் நீங்கள் லாரி ஏறினீர்கள். அதற்குப் பிறகு தோட்டத்துப் பள்ளியில் ஜப்பான் மொழியும் சொல்லித்தர ஆரம்பித்தார்கள். சதாசிவம் வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, "ஒரு மொழியே இதுக்கு ஏறல. ரெண்டையும் திணிச்சா மண்டை குழம்பிடும், பள்ளிய விட்டு நிறுத்திடுங்க" என்றார். கிழங்குக் காட்டில் களை பிடுங்க அனுப்பலாம் என்று உங்கள் தம்பி சீனியும் நச்சரித்தார். உங்களைக் கூட்டிப்போன ஜப்பான்காரர்களின் பேச்சு நம் வீட்டுக்குள் கேட்க வேண்டாமென்று எனக்கும்தான் இருந்தது. ஆனால் பள்ளியை விட்டால் தமிழும் போய்விடுமே. யார் சொன்னதையும் கேட்காமல் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் முத்தம்மா கிழங்குத் தோலை உரித்துக்கொண்டே "க கி கு கெ கொ" என்று ராகம் போட்டாள். தமிழ்தான் படிக்கிறாள் என்று நினைத்தேன். "இல்லம்மா, இது ஜப்பான் பாடம்" என்றாள். சொன்னவள் சட்டென்று எழுந்து, அடுப்புக்கரியால் தரையில் ஐந்து ஜப்பான் எழுத்து எழுதினாள். அதன் கீழே நம் எழுத்து ஐந்து. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"அம்மா! அவங்களுக்கு ஒவ்வொண்ணும் வேற வேற உருவம். நம்மளுக்கு க அப்படியே இருக்கு, கொக்கிதான் மாறுது லா!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனிப் படமாக மனப்பாடம் செய்து திணறியிருக்கிறாள். அந்த இன்னொரு மொழியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் நம் எழுத்தின் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. வீட்டுத் தரை முழுக்கக் கரிதான். ஜப்பான்காரனுக்கு நெடில் எழுத்தே தனியாக இல்லை, நமக்குத்தான் இருக்கிறது என்று பெருமை வேறு!

போன வாரம் வாத்தியார், அவள் ஒப்பிக்கிறாளோ என்ற சந்தேகத்தில், வகுப்பு முன்னால் நிறுத்திப் பழைய தமிழ்ப் பத்திரிகை ஒன்றை நீட்டினார். நான் சன்னல் பக்கம் நின்றிருந்தேன். ‘நெல்’ என்பதை ‘நேல்’ என்றாள். தானே நிறுத்தினாள், கொம்பைப் பார்த்தாள், திருத்தினாள். பிறகு கடைசி வரி வரைக்கும் நிற்கவே இல்லை. மறுநாள் வாத்தியார் பலகையில் இரண்டு எழுத்தையும் மேலும் கீழுமாக எழுதி, மற்ற பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல அவளையே கூப்பிட்டாராம். களை பிடுங்கச் சொன்ன சீனி அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டு வரிசை முழுக்கச் சுற்றிவந்தார். "எங்க அண்ணன் மவ, ரெண்டு பாசை படிக்கிறா!" என்று ஒரே கத்தல். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

மாரியம்மன் உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். இந்தப் பக்கம் யாராவது திரும்பினால் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தனுப்புங்கள். நான் பிரிக்க மாட்டேன். அப்படியே அவள் கையில் கொடுப்பேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதை அவள் வாசித்துத்தான் நான் கேட்க வேண்டும்.

உங்கள்,
நவமணி