ஏழுசட்டைக்காரன் இளவரசன் இல்லை

2024 ஜூலை 9, செவ்வாய்

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் பதிப்பாளர் பாஸ்கரன் என் புத்தகத்தின் அட்டைப்படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பார்த்துவிட்டு டப்பாவை மூடிவிட்டேன்.

இவனா என் ஏழுசட்டைக்காரன்?

கறுப்பு அங்கி. தலையில் முக்காடு. அதற்குள்ளிருந்து இரண்டு நீலக் கண்கள் — நீலம்! அங்கி விலகிய இடத்தில் ஜிம்முக்குப் போய்ச் செதுக்கிய வயிறு. இடுப்பில் குறுவாள்.

நான் எழுதியவனுக்கு ஐம்பது வயது. தொப்பை, முன்வழுக்கை, கன்னத்தில் அம்மைத் தழும்பு. நடந்தால் இடது செருப்பு மட்டும் சத்தம் போடும். ஏழு சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருப்பான். மேல்சட்டையைக் கழற்றி அடியில் போட்டுக்கொண்டால் உப்பு விற்பவன் சுங்கக் காவலன் ஆகிவிடுவான்; இன்னொன்றைக் கழற்றினால் அரண்மனைச் சமையல்காரன். ஆயுதம் கிடையாது. நாயைக் கண்டால் நடுங்குவான். ஒரு பொய்கூடச் சொல்ல மாட்டான். "நான் யாருன்னு நினைச்சீங்க?" என்று கேட்பான், அவ்வளவுதான். எதிரில் நிற்பவர்கள் தாங்களே ஒரு பதிலைச் சொல்லித் தாங்களே ஏமாந்து போவார்கள்.

என் முதல் புத்தகம். ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டரில் வேலை முடித்து, பஸ்ஸில் வரும்போது யோசித்து, சமையலுக்கு நடுவே எழுதியது. அதற்கு இந்தக் கண்ணா?

2024 ஜூலை 10

கோபம் இன்னும் அடங்கவில்லை. வீட்டுக்காரர் ரெங்கராஜிடம் படத்தைக் காட்டினேன். பிளான்ட்டில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். "நல்லாத்தானே இருக்கு, சினிமா போஸ்டர் மாதிரி" என்றார்.

இரவு அவருக்கு உப்புமா.

2024 ஜூலை 13, சனி

ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். சித்திரை வீதியில் மாடியறை, அதுதான் பதிப்பகம். பாஸ்கரன் ஏசியைக் கூட்டி வைத்து, காபி சொன்னார். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை.

"மேடம், நீங்க எழுதினது இலக்கியம். நான் விக்கிறது புக்கு. மந்திரக் கதைன்னு கையில எடுக்கிற பையன் தொப்பைக்காரனைப் பாத்தா வாங்குவானா?"

"மாறுவேஷக்காரன் சார் அவன். நீலக் கண்ணோட ஒருத்தன் சந்தையில நின்னா ஊரே திரும்பிப் பாக்குமே. அப்புறம் என்ன மாறுவேஷம்?"

அவருக்கு அது பொருட்டாகவே படவில்லை. ஃபேன்டசியில் லாஜிக் கேட்கக்கூடாதாம்.

எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? அவன் வேஷம் சட்டையில் இல்லை. அந்த மாதிரி ஆளை யாரும் முகம் பார்ப்பதில்லை, அதில்தான் இருக்கிறது. எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் என்னிடம் கெஞ்சி டிக்கெட் வாங்கியவர், சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, "ரிசர்வேஷன் கவுண்டர்ல ஒரு பொம்பளை இருக்கா பாருங்க" என்று என்னிடமே திட்டியிருக்கிறார். அன்றைக்குத்தான் ஏழுசட்டைக்காரன் பிறந்தான்.

அட்டையை வரைந்த பேட்ரிசியாவின் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். ஓவிய டீச்சராம். போனில் அவர் சொன்னது: "எனக்கு உங்க கதையைப் படிக்கவே குடுக்கலைங்க. முக்காடு, நீலக் கண்ணு, சிக்ஸ் பேக்குன்னு மூணு வரிதான் அனுப்பினாங்க."

2024 ஆகஸ்ட் 3

சரி, அட்டை தொலையட்டும். உள்ளே இருப்பது என் எழுத்துதானே.

2024 ஆகஸ்ட் 20, செவ்வாய்

புத்தகம் வந்தது. முகர்ந்து பார்த்தேன், தடவிப் பார்த்தேன். முதல் பக்கத்திலிருந்து படித்தேன். கடைசி அத்தியாயத்துக்கு வந்தேன்.

நான் எழுதவில்லை. நான் இதை எழுதவே இல்லை!

நான் எழுதியது இப்படி: ராஜா அவனைப் பிடித்துவிடுகிறார். "உன் உண்மையான உருவத்தைக் காட்டினால் மந்திரி பதவி தருகிறேன்" என்கிறார். அவன் ஒவ்வொரு சட்டையாகக் கழற்றுகிறான். சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறது. ஏழாவதும் போனபின் நிற்பது தொப்பையோடு ஒரு சாதாரண ஆள். "இவனா?" என்று சபை விழுந்து விழுந்து சிரிக்கிறது. சிரித்து முடித்துப் பார்த்தால் ஆளைக் காணோம், வாசல் வழியாகவே நடந்து போய்விட்டான். பிடிக்க ஓடிய காவலர்களுக்கு, பிடிக்க வேண்டியவன் எப்படி இருப்பான் என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை.

அச்சில் இருப்பது: ஏழாவது சட்டைக்கு அடியில் தொப்பை ஒரு தலையணையாம். தழும்பு அரக்குப் பூச்சாம். தோளில் தங்க நிறத்தில் மச்சம். குழந்தைப் பருவத்தில் தொலைந்துபோன இளவரசனாம். ராஜா கட்டிப்பிடித்து அழுகிறார். பட்டாபிஷேகம். பக்கத்து நாட்டு ராஜகுமாரியோடு கல்யாணம்.

யாரைக் கேட்டு? யாரைக் கேட்டுடா மாத்தினே? எழுதினவ ஒருத்தி உசுரோட இருக்காளே, ஒரு போன் பண்ணணும்னு தோணலையா? அவன் அறிவாளின்னா ராஜா வீட்டுப் பிள்ளையாத்தான் இருக்கணுமா? தொப்பை இருக்கிறவனுக்கு மூளை இருந்தா இவங்களுக்கு எங்க வலிக்குது?

2024 ஆகஸ்ட் 21

போன் செய்தேன். பாஸ்கரன் சாவதானமாகச் சொன்னார்: "எங்க எடிட்டர் கொஞ்சம் மெருகு போட்டிருக்காரு மேடம். எல்லாருக்கும் பண்றதுதான். உங்க முடிவுல ஒரு திருப்தி இல்லை பாருங்க. ராஜ ரத்தம்னு சொன்னாத்தான் படிக்கிறவனுக்கு நிறைவு."

மெருகாம்.

செப்டம்பர் ஒன்றாம் தேதி வெளியீட்டு விழா. புத்தூரில் ஒரு ஹால். மாடலிங் செய்யும் பையன் ஒருவனைப் பிடித்திருக்கிறார்களாம். அங்கியோடு மேடைக்கு வந்து முக்காட்டை நீக்குவானாம். கைதட்டுவார்களாம். நான் பட்டுப்புடவையில் வந்து பக்கத்தில் நின்றால் போதுமாம்.

"வர மாட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

2024 ஆகஸ்ட் 23

ரெங்கராஜ் நேற்று இரவு கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "இளவரசன்னு முடிஞ்சா நல்லாத்தானே இருக்கு?" என்றார். என் கையெழுத்துப் பிரதியை எடுத்து அவர் மடியில் போட்டுவிட்டுப் படுக்கப் போனேன்.

காலையில் அவரே வந்தார். "அவன் வாசல் வழியாவே போறான் பாரு, அந்த இடம்... எங்க பிளான்ட்ல வேலை பாக்கிற எவனும் அப்படிப் போயிடலாம், ஜி.எம்.முக்குத் தெரியாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தலையணைன்னு எழுதினவனை உதைக்கணும்" என்றார்.

இதுவரை என் எழுத்தைப் பற்றி அவர் சொன்னதிலேயே இதுதான் நீளமான பேச்சு.

2024 ஆகஸ்ட் 31, சனி

வெளியீட்டுக்குப் போகிறேன். ஆனால் அவர்கள் கூப்பிட்டபடி இல்லை.

காந்தி மார்க்கெட் பக்கத்தில் யூனிஃபார்ம் விற்கும் கடையில் நீலக் கோட்டு ஒன்று வாங்கினேன், துப்புரவு வேலைக்காரப் பெண்கள் புடவைக்கு மேல் போடுவார்களே, அது. தலைக்கு ஒரு துணித் தொப்பி. மாஸ்க் வேண்டாம் என்று முடிவு செய்தேன். முகத்தை மூடினால் அது ஏமாற்று. அவன் மூட மாட்டான்.

2024 செப்டம்பர் 1, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

ரெங்கராஜ் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். ஹாலின் பின்பக்கம் கோட்டை மாட்டிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தேன். அங்கே வேலை பார்க்கும் அம்மா ஒருவர் என்னைப் பார்த்து, "புதுசா?" என்றார்.

"இன்னைக்கு மட்டும்தாங்க."

"அப்ப நடுவுல கூட்டுங்க, ஓரத்தை நான் பாத்துக்கிறேன்." அவர் பெயர் மருதை. அந்த ஹாலில் என் முகத்தைப் பார்த்துப் பேசியது அவர் மட்டும்தான்.

நாற்காலிகளுக்கு நடுவே கூட்டினேன். என் கவுண்டருக்குப் பக்கத்துக் கவுண்டரில் உட்காரும் கலையரசன் முன்வரிசையில் இருந்தார். என்னோடு தினமும் டீ குடிப்பவர். துடைப்பம் வந்ததும் காலை மட்டும் தூக்கிக்கொண்டார், கண் போனிலேயே இருந்தது. பாஸ்கரன் ஓடி வந்தார். "ஏம்மா, மேடையில ஒரே தூசி. கூட்டிட்டுச் சீக்கிரம் இறங்கு" என்றார், என் தோளுக்கு மேலே எங்கோ பார்த்தபடி. ஸ்ரீரங்கத்தில் "மேடம் மேடம்" என்று காபி கொடுத்தவர்!

மேடையிலும் கூட்டினேன். விழா ஆரம்பித்தது. நான் ஓரத்தில் திரைப்பக்கம் துடைப்பத்தோடு நின்றேன். யாரும் போகச் சொல்லவில்லை. அங்கிக்காரப் பையன் வந்தான், முக்காட்டை நீக்கினான், விசில் பறந்தது. பாஸ்கரன் மைக்கில், "எழுத்தாளர் மலர்க்கொடி அவர்கள் இன்னும் வந்து சேரவில்லை" என்றார்.

நடந்துபோய் மைக்கைப் பிடித்தேன்.

"ஏய், ஏய்" என்று ஒருவர் கையைப் பிடிக்க வந்தார். தொப்பியைக் கழற்றினேன். "நான் யாருன்னு நினைச்சீங்க?" என்றேன்.

கலையரசன் வாயைத் திறந்துகொண்டு எழுந்துவிட்டார். பாஸ்கரன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"அரை மணி நேரமா உங்க நடுவுலதாங்க இருந்தேன். முகத்தை மூடலை. குரலை மாத்தலை. ஏழுசட்டைக்காரனும் இப்படித்தான். அவனுக்கு நீலக் கண்ணு கிடையாது. அவன் இளவரசன் இல்லை. கடைசி அத்தியாயம் நான் எழுதினது இல்லை. நான் எழுதினதைச் சொல்றேன்."

சொன்னேன். குரல் முதலில் நடுங்கியது. சட்டைகள் கழறக் கழற நடுக்கம் போய்விட்டது. சபை சிரித்த இடத்தில் ஹாலும் சிரித்தது; அவன் வாசலைத் தாண்டிய இடத்தில் சத்தமே இல்லை. பிறகு கைதட்டினார்கள்.

இறங்கியதும் ஆளாளுக்கு என்னோடு போட்டோ எடுத்தார்கள். காகிதத் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார் மருதை. படம் பிடித்தவர் அவரைக் கொஞ்சம் நகரச் சொன்னார். எனக்கு அப்போது ஒரு மாதிரி குத்தியது. நான் கோட்டைக் கழற்றிவிட்டேன், எல்லாருக்கும் தெரிந்துவிட்டேன். அவர் எதைக் கழற்றுவார்?

தட்டுகளில் பாதியை வாங்கிக்கொண்டு அவரோடு நடந்தேன். "கதை நல்லா இருந்துச்சுங்க. அந்த ஆளு அப்புறம் எங்க போனான்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

2024 செப்டம்பர் 2

பாஸ்கரன் போன். திட்டப் போகிறார் என்று எடுத்தால், "சூப்பர் ஸ்டன்ட் மேடம்! முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல கேமரா வெச்சிருப்பேனே. அடுத்த ஊர்லயும் இதே மாதிரி பண்ணுவோமா?"

இந்த மனுஷனை என்ன செய்வது? கோபப்பட்டால்கூட விளம்பரமாக்கி விடுகிறார்.

"விக்கிறதை நிறுத்துங்க. என் கதையைத் திருப்பிக் குடுங்க" என்றேன்.

சிரித்தார். "எடுத்துக்கோங்க. தொப்பைக்காரனை எவன் போடுறான்னு பாப்போம்."

"அதையே எழுத்துல குடுங்க" என்றேன். சாயங்காலம் கொடுத்தார். அவ்வளவு அலட்சியம்.

2024 அக்டோபர் 6

ஹாலித் என்பவர் கதையைப் புத்தகமாகப் போடக் கேட்டு வந்திருந்தார். பாலக்கரையில் சின்னப் பதிப்பகம் வைத்திருக்கிறார். அன்று ஹாலில் பின்வரிசையில் இருந்தாராம். "ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன். ஆனா எழுத்துப் பிழை நிறைய இருக்கு, அதை மட்டும் திருத்த விடுங்க" என்றார். ரோஷம் வந்தது. பார்த்தால் உண்மையிலேயே நிறைய இருந்தது.

2024 நவம்பர் 17

பேட்ரிசியாதான் புது அட்டையும் வரைகிறார்; பிரதியைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். முழுக்கப் படித்த பிறகுதான் பென்சிலைத் தொடுவாராம்.

2025 பிப்ரவரி 16, ஞாயிறு

புதுப் புத்தகம் வந்தது.

அட்டையில் ஒரு சந்தை. கூடை சுமப்பவர், எடை போடுபவர், குழந்தையைத் தூக்கி நிற்பவர், பல் குத்தும் காவலன், வெற்றிலைக்காரி. நடுவில் யாரும் இல்லை, யார் மேலும் தனி வெளிச்சம் இல்லை.

ரெங்கராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எடை போடுபவர்தான் அவன் என்றார். கலையரசன் போனில், "வெத்தலைக்காரிதாங்க, சந்தேகமே இல்லை. இந்தத் தடவை நான் ஏமாற மாட்டேன்" என்றார். பேட்ரிசியாவிடம் கேட்கலாம். கேட்கவில்லை.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு புத்தூர் ஹாலுக்குப் போனேன். அங்கே யாருக்கோ கல்யாணம், மருதைக்கு நிறைய வேலை, வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாருமே அவனாட்டம்தாங்க இருக்காங்க" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பாஸ்கரன் போன் செய்தார். புது அட்டையைப் பார்த்தாராம். "இரண்டாம் பாகம் இருக்கா மேடம்? நாமளே போட்டுடலாம்."

நான் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. கட் செய்துவிட்டு இறங்கினேன்.