சின்ன ரீலே போதும் என்றாய்

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் பிரித்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்குக் கடற்கரையில் நின்று தூண்டில் போடும் ஆசை. பெட்டிக்குள் தூண்டில் நரம்பு சுற்றும் ரீல் ஒன்று. வீசும்போது நரம்பு சுற்றிய கட்டையே சுழலும் பழைய வகை. "இதை வச்சுக்கவா, இல்ல இன்னும் பெருசா ஒண்ணு இருக்கு, அதை வாங்கவா? உங்களைத்தான் கேக்கணும்னு சொன்னாங்க" என்றார். பக்கவாட்டில் இருந்த பொத்தானைத் தள்ளிவிட்டு நரம்பை ஒரு இழு இழுத்தார். கிர்ர்ர் என்றது.

நான் எழுந்துவிட்டேன். அவரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தேன். அதிலிருந்து வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் உன்னிடம் சொல்லத் தோன்றுகிறது. வேறு யாரிடம் போய் நான் ரீலைப் பற்றிப் பேச முடியும்? அதுதான் எழுதுகிறேன்.

அப்போது நெய்வேலியில் எல்லாமே புதுசு. ரோட்டோரம் நட்ட மரங்கள் இடுப்பு உயரம்தான் இருந்தன. குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சு. சேலத்திலிருந்து வந்த நான் கல்யாணமான புதிதில் இரண்டு முறை அடுத்த பிளாக்கில் யார் வீட்டுக் கதவையோ தட்டியிருக்கிறேன். குறிஞ்சிப்பாடியில் தறிச் சத்தத்திலேயே வளர்ந்த நீ, இந்த ஊரின் அமைதி காதை அடைப்பதாகச் சொல்வாய்.

நம் குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்து, அன்று பொழுது சாய்வதற்குள் போய்விட்ட வருஷம் அது. நீ காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாய். குழந்தையைப் பார்த்தவன் நான். துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனவனும் நான். நினைவு திரும்பியபோது என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாய். ஒன்றும் கேட்கவில்லை. அழவும் இல்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு உன்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. நான் ஷிப்ட் முடிந்து வந்தால் கட்டில் வேறு சுவரோரம் கிடக்கும்.

"ஏன் மாத்தினே?"

"அந்தப் பக்கம் காத்து வரலீங்க."

அடுத்த வாரம் அது பழைய இடத்துக்கே போயிருக்கும். பெருக்கிய தரையையே பெருக்குவாய். கழுவிய பாத்திரத்தையே கழுவுவாய். எனக்கு மட்டும் இருப்புக் கொண்டதா என்ன? சைக்கிளை எடுத்துக்கொண்டு மந்தாரக்குப்பம் வரை காரணமில்லாமல் மிதித்துவிட்டு வருவேன். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒருவர் கண்ணில் மற்றவர் படாமல் சுற்றிக்கொண்டிருந்தோம்.

சுரங்கத்தில் மண்வெட்டும் பெரிய இயந்திரத்தைப் பூட்ட வந்திருந்த ஜெர்மன்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது தன் தூண்டில் கழியை எனக்குத் தந்தார். ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு உதவியாக இருந்தவன் நான். இரண்டு முறை கடலூர்க் கடற்கரைக்குக் கூட்டிப்போய் வீசவும் சொல்லிக்கொடுத்திருந்தார். கழியைத் தந்தாரே தவிர ரீலைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆள் உயரத்துக்கு மேல் நீண்ட அந்தக் கழியை நீ தினமும் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றிக்கொண்டிருந்தாய். ஒருநாள் பாண்டிச்சேரிக்குப் போய் அதற்கு ரீல் வாங்கி வருகிறேன் என்றேன். "நானும் வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாய்.

வெளிநாட்டுச் சாமான்கள் விற்கும் கடை. கடைக்காரர் இரண்டு ரீல்களை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். ஒன்று பெரியது, இரும்புக் கட்டை வைத்தது, தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். மற்றது அதில் பாதி.

என் கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. நாம் இரையும் ஈயக்குண்டும் கட்டி, அலை உடைகிற இடத்துக்கு அப்பால் வீசிவிட்டுக் காத்திருக்கப் போகிறவர்கள். வேகமாகச் சுற்றி இழுக்கிற வேலை இல்லை. அதனால் நரம்பு நிறையப் பிடிக்க வேண்டும், பல்சக்கரம் உறுதியாக இருக்க வேண்டும், உப்புத் தண்ணீருக்கு உடம்பு தாங்க வேண்டும். இதையெல்லாம் உனக்கு விளக்கிக்கொண்டே பெரியதை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

நீ சின்னதை எடுத்தாய். பக்கவாட்டில் இருந்த சின்ன நெம்புகோலைத் தள்ளிவிட்டுக் கட்டையை விரலால் ஒரு தட்டுத் தட்டினாய். அது சத்தமில்லாமல் சுழன்றது. நின்றுவிடும் என்று பார்த்தால் சுழன்றுகொண்டே இருந்தது. பிறகு கட்டை விரலை மெல்ல வைத்தாய். நின்றது.

"இது சொன்னா கேக்குதுங்க. அது கெளம்பவும் முரண்டு புடிக்குது, நிக்கவும் முரண்டு புடிக்குது."

"இதுல நரம்பு கொஞ்சம்தான் பிடிக்கும்."

"ஒரு மீனுக்கு எம்மாம் நூலு வேணும்?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "அது மீனைப் பொறுத்துங்கம்மா."

"அது வாணாம். சின்னதே போதும்."

அந்த வருஷத்தில் ஒரு பொருளை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நீ சொன்னது அதுதான் முதல் தடவை. சின்னதையே கட்டச் சொன்னேன்.

நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டில் இன்னும் கிர்ர்ர் கேட்கிறது. மனுஷர் விடமாட்டார் போலிருக்கிறது.

எங்கே விட்டேன்? கடலூர்த் தேவனாம்பட்டினம் கடற்கரை. என் வார விடுமுறை எந்தக் கிழமையில் வந்தாலும் காலை பஸ்ஸில் கிளம்பிவிடுவோம். அவ்வளவு லேசாகச் சுழலும் கட்டைக்கு விரல் பதமாக இருக்க வேண்டும். ஸ்பானர் பிடித்துக் காய்த்த என் விரல் எப்போதும் ஒரு நொடி தாமதம். குண்டு தண்ணீரில் விழுந்த பிறகும் கட்டை சுழலும். நரம்பு அதன் மேலேயே பொங்கி, குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும். எனக்கு வந்த கோபத்தில் கத்தியை எடுப்பேன்.

"அறுக்காதீங்க. குடுங்க இப்பிடி."

ஈர மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, ரீலை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சிக்காகப் பிரிப்பாய். தறிக்குத் தார் நூல் சுற்றிப் பழகிய விரல்கள்தானே என்று முதலில் நினைத்தேன். இந்த நைலான் நரம்பு உனக்கும் புதுசுதான், வழுக்கி வழுக்கி ஓடும். ஆனாலும் விடமாட்டாய். நான் கரையோரமாக மேலும் கீழும் நடந்துகொண்டிருப்பேன். ஒருமுறை திரும்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது: நீ உட்கார்ந்திருந்தாய். வெகுநேரமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாய்.

பிறகு ஒருநாள் நீயே கழியைக் கேட்டாய். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வீசினாய். குண்டு உன் காலடியிலேயே விழுந்தது. வலையை உதறிக்கொண்டிருந்த மீன்காரர் ஒருவர் சிரித்தார். நீயும் சிரித்தாய் என்றுதான் ஞாபகம். சில வாரங்களில் நம் இரண்டு பேருக்கும் கை ஓரளவு பழகிவிட்டது. சின்னச் சின்ன கெளுத்தி, ஒருமுறை நல்ல பாரை.

அந்தப் பிற்பகலை எழுதத்தான் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறேன்.

காற்று பலமாக இருந்தது. கழி உன் கையில். இறாலை மாட்டி நீயே வீசியிருந்தாய். திடீரென்று கழி வளைந்தது. ரீல் அலறியது. "என்னாங்க!" என்றாய். நரம்பு கடலை நோக்கி ஓடிக்கொண்டே இருந்தது. விரலால் அழுத்தினாய். சூடு தாங்காமல் எடுத்தாய். மறுபடி அழுத்தினாய்.

மீன்காரர் ஓடி வந்தார். "திருக்கை மீனும்மா அது! பெருசு! நிக்காது, வுட்டுடு!"

"கொடு, நான் பிடிக்கிறேன்" என்று கையை நீட்டினேன்.

"தொடாதீங்க. இது என்னுது."

அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. நீ தண்ணீருக்குள் நடந்தாய். முழங்கால், பிறகு இடுப்பு. பின்னாலிருந்து உன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கட்டையில் நரம்பு குறைந்து குறைந்து, அடியில் இருந்த உலோகம் பளிச்சென்று தெரிந்தது. "நூலு தீருதுங்க... ஐயோ, நூலு தீருதே..." கடைசிச் சுற்றும் ஓடியது. அடி முடிச்சில் ஒரு வெட்டு, நரம்பு அறுந்தது. அவ்வளவுதான். கழி நிமிர்ந்துவிட்டது.

நீ வெறும் கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு அலையிலேயே மண்டியிட்டு விழுந்து அழுதாய். "மீனு போனா போவுது, வுடும்மா, நாளைக்கி வேறது வரும்" என்று மீன்காரர் தேற்றினார். ஒரு கணம் நானும் மீனுக்காகத்தான் என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது. புரிந்ததும் நானும் உன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அலை நம் இரண்டு பேர் மேலும் அடித்துக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷங்களில் எத்தனையோ முறை இதை மனசுக்குள் புரட்டிப் பார்த்துவிட்டேன். பெரிய ரீலை வாங்கியிருந்தால் இன்னும் நரம்பு இருந்திருக்கும். ஒருவேளை மீன் களைத்துக் கரைக்கு வந்திருக்கும். நாமும் அதைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வீடு திரும்பியிருப்போம். பிறகு என்ன ஆகியிருக்கும்? அதற்கு மேல் யோசிக்க முடியாமல் எழுந்துவிடுகிறேன்.

திரும்பும் பஸ் குள்ளஞ்சாவடியில் ஆள் ஏற்றுவதற்காக நின்றது. ஈரச் சேலையோடு ஜன்னலோரம் இருந்தாய். வெளியே பார்த்தபடியே கேட்டாய்.

"கண்ணத் தெறந்துச்சாங்க?"

யாரைப் பற்றி என்று நான் கேட்கவில்லை.

"திறந்துச்சு. ஒரு தடவை."

"யாரப் பாத்துச்சு?"

"என்னை."

"முடி?"

"நிறைய. உன்னை மாதிரியே சுருட்டை."

பஸ் கிளம்பியது. கொஞ்ச தூரம் போன பிறகு, "கேக்கணும்னு நெனச்சிகினேதான் இருந்தேன். பயமா இருந்துச்சு" என்றாய். எனக்கும் பயமாக இருந்தது என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு நமக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, பேரன் பேத்தியும் வந்துவிட்டார்கள். ஆனாலும் நீ கேட்பதை விடவில்லை. கீரை ஆயும்போது, ரேஷன் வரிசையில் நிற்கும்போது, யாருடைய கல்யாணப் பந்தியிலோ என் காதருகே குனிந்து கேட்பாய். கை மூடியிருந்ததா? நகம் முளைத்திருந்ததா? எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். போகப்போக நீ கேட்பது குறைந்து, நீயே எனக்குச் சொல்ல ஆரம்பித்தாய், பக்கத்தில் இருந்து பார்த்தவள் போல. படுக்கையில் விழுந்த கடைசி மாதத்தில் ஒருநாள், "எடது கன்னத்துல குழி இருந்துச்சு இல்லீங்க, எம்மாம் அழகு" என்றாய். நான் அப்படி ஒன்றைப் பார்க்கவில்லை. முன்பு எப்போதாவது அப்படிச் சொல்லியிருந்தேனா என்றும் தெரியவில்லை. ஆமாம் என்றேன்.

இப்போது கண்ணை மூடினால் அந்த முகம் வருகிறது. இடது கன்னத்தில் குழியோடுதான் வருகிறது.