கழுத்துக்கு வைத்த நேர்த்தி

இஞ்சேருங்கோ,

வார்டில் உங்கள் தங்கை நின்றதால் வாய் வரவில்லை. எழுதுகிறேன்.

ஒப்பரேசன் தேவையில்லை, கழுத்துப்பட்டியும் பயிற்சியும் போதும், பாரம் மட்டும் ஏற்றக்கூடாது என்று டொக்டர் சொன்னாரே, அன்று நான் அழுதது சந்தோசத்தில் அல்ல. கத்தி வைக்காமல் சுகமானால் நீங்கள் காவடி எடுப்பீர்கள் என்று முதல்நாள்தான் முருகனுக்கு நேர்ந்திருந்தேன். உங்களுக்கு மறைத்தேன். உங்கள் தங்கையிடம் மட்டும் சொன்னேன்.

நேற்றுக் கோயில் வீதியில், காவடிக்குக் கீழே உங்கள் முகம். உங்கள் தங்கை சொல்லிவிட்டாள் என்று அப்போதுதான் விளங்கியது.

"நேர்த்தியை வைச்சுக்கொண்டு இருக்கக் கூடாதப்பா," என்று சிரித்தீர்கள்.

இன்று உங்கள் வலக்கையால் என் விரலைப் பிடிக்க முடியவில்லை. நாளை ஒப்பரேசனாம்.

கோயில் வாசல்வரை போய்க் கும்பிடாமலே திரும்பிவிட்டேன். கைகூப்பினால் இன்னும் எதை நேர்ந்துவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது.

உங்கள் பெயரில் நேர்ந்தவள்