மூன்று நிமிஷத்துக்கு நூறு சுற்று

பொம்மிடி ஸ்டேஷனில் தூங்கிக்கொண்டிருந்தவர்களையெல்லாம் ஒற்றைக் குரலில் எழுப்பிவிட்ட என் பெரியப்பாவுக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தப்பு என்னுடையது. உங்கள் இசைத்தட்டில் எந்தக் கோளாறும் இல்லை. உங்கள் குரலிலும் இல்லை. இதை உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வருஷம் பிந்திவிட்டது.

போன மாதம் உங்கள் முதல் வருஷத் தெவசம் முடிந்தது. மறுநாள் காலையில் பெரியம்மா பரண் மேலிருந்த அமெரிக்கப் பெட்டியைக் காட்டி, "டேய் சரவணா, அந்தத் தூங்குமூஞ்சிப் பொட்டிய எடுத்துக்கிட்டுப் போ. இல்லீன்னா பழைய இரும்புக்காரன் கிட்டப் போட்டுடுவேன். எடத்த அடச்சிக்கிட்டுக் கெடக்குது" என்றார். உள்ளே இருக்கும் மோட்டார் எதற்காவது உதவும் என்று நான் கழற்ற உட்கார்ந்தேன். பாசத்தில் ஒன்றும் உட்காரவில்லை.

அந்தப் பெட்டி வந்த கதை உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. பெரியம்மாவின் அண்ணன் அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த ரெக்கார்டு பிளேயர் அது. அதுவரை உங்கள் இசைத்தட்டைப் போட்டுக் கேட்க வீட்டில் எதுவுமே இருந்ததில்லை. பெங்களூரில் தொழில் பழகப் போன நான்கு பையன்கள், ஒரே அறையில் தங்கி, கிடாரும் டிரம்மும் கடன் வாங்கி, "ஊதா எருமைகள்" என்று ஒரு குழுவுக்குப் பெயர் வைத்து, பதிவுசெய்த முதல் இசைத்தட்டு. கடைசி இசைத்தட்டும் அதுதான். கடைகளில் யாரும் சீந்தவில்லை. நீங்கள் ரயில்வே வேலை கிடைத்து ஊருக்கு வந்த பிறகு தபாலில் ஒரே ஒரு பிரதி வந்தது. அட்டையில் நீங்கள் நால்வரும் பூப்போட்ட சட்டையில், பாப்பாரப்பட்டி ஏரிக்குள், ஊதாப் பொடி பூசிய எருமையோடு நிற்கிறீர்கள். எருமை மட்டும்தான் கேமராவைப் பார்க்கிறது.

ஸ்டுடியோவில் ஒரே தடவை கேட்டதை வைத்துக்கொண்டு நாற்பது வருஷம் சொன்னீர்கள். "பறக்கும்டா. ரயிலு மாதிரி இல்ல, ரயிலு தண்டவாளத்த வுட்டுட்டுக் கெளம்புனா எப்பிடி இருக்கும், அந்த மாதிரி."

அப்போது நான் டிப்ளமோ இரண்டாம் வருஷம். பொங்கலுக்கு மொத்தக் குடும்பமும் கூடியிருந்தது. நூற்றுப் பத்து வோல்ட் பெட்டிக்கு நம் கரண்ட் ஆகாது என்று நானே ஒரு டிரான்ஸ்பார்மர் கட்டினேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன். சரியாக நூற்றுப் பத்து. பெருமை தாங்கவில்லை. ஊசியையும் நானே வைத்தேன்.

வந்தது என்ன? சேற்றில் இறங்கிய எருமை முனகுவதைப் போல ஒரு குரல். டிரம் ஒவ்வொரு அடிக்கும் யோசித்து யோசித்து விழுந்தது. குழந்தைகள் சிரித்தார்கள். நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

"பெரியப்பா, அட்டையில இருக்கறது நீங்கதான், ஒத்துக்கறேன். குரலு உங்களுது இல்ல. சும்மா ரீல் வுடாதீங்க."

நீங்கள் கோபப்படவில்லை. பாதிப் பாட்டில் ஊசியை எடுத்தீர்கள். துண்டு நுனியால் தட்டைத் துடைத்து அட்டைக்குள் போட்டீர்கள். "இது நாங்க வாசிச்சதே இல்லடா" என்றீர்கள். அதற்கும் நான் சிரித்தேன்.

அன்றைக்கு உண்மையில் என்ன நினைத்தீர்கள் பெரியப்பா? நாற்பது வருஷமாகக் காதில் வைத்திருந்தது வெறும் கற்பனை என்றா?

இப்போது ஓசூரில் எனக்குச் சோறு போடும் வேலையே மோட்டார் ஓடும் வேகத்தைச் சரிசெய்வதுதான். அந்த லட்சணத்தில், போன மாதம் பெட்டியைத் திருப்பியபோதுதான் பின்னால் ஒட்டியிருந்த தகட்டை முதன்முறையாக முழுதாகப் படித்தேன். நூற்றுப் பத்து வோல்ட். பக்கத்திலேயே, அறுபது ஹெர்ட்ஸ்.

அமெரிக்காவில் கரண்ட் வினாடிக்கு அறுபது தடவை துடிக்கும். நம் ஊரில் ஐம்பதுதான். இந்த வகை மோட்டார் அந்தத் துடிப்புக்கு ஏற்பத்தான் சுற்றும். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைக் குறைக்கும், துடிப்பைத் தொடாது. முதல் வருஷப் பாடம் இது. நான் வோல்டேஜை மட்டும் பார்த்துவிட்டு உங்கள் பாட்டில் ஆறில் ஒரு பங்கு வேகத்தைத் தின்று, குரலையும் கட்டையாக்கிவிட்டேன்.

உங்கள் தட்டு மூன்று நிமிஷத்தில் நூறு சுற்று சுற்ற வேண்டும். ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி எண்ணினேன். எண்பத்து மூன்று. மோட்டார் அச்சில் சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் கறுப்பு உறை ஒன்றைப் போட்டு அதைக் கொஞ்சம் தடிப்பாக்கினேன். அச்சு தடித்தால் தட்டு வேகமாகச் சுற்றும். தொண்ணூற்று இரண்டு. இன்னொன்று. நூற்றொன்று. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். நூறு.

ஊசியை வைத்தேன். பெரியம்மா அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்தார். பாட்டு தொடங்கி இரண்டாவது வரியில் கரண்டியோடு வந்து நின்றார்.

"அய்யோ, இது அவுருடா! 'ரெண்டாவது பிளாட்பாரம்'னு மைக்குல கத்துவாரே, அதே தொண்டை!"

ஆமாம், அதே தொண்டைதான். மெல்லிசான, அவசரமான, கொஞ்சம் மூக்கால் வருகிற உங்கள் குரல். பெரியம்மா கடுகு கருகும் வரை நகரவில்லை. முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவருக்கு நீங்கள் பாடி ஒருநாளும் காட்டியதில்லையாம். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் பக்கத்தில் டிக்கெட் இல்லாமல் ரயிலேறி நிலாவுக்குப் போகும் பாட்டு, இங்கிலீஷ் பாட்டுகளுக்கு நடுவே ஒரே தமிழ்ப் பாட்டு, வந்ததும் பெரியம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நெலாவுக்கு ஓசியில போலாம்னு பாடிட்டு, பொம்மிடி டிக்கெட் கவுண்டருல குறுக்க பூந்த என் தம்பியவே மறுபடியும் க்யூவுல நிக்க வெச்ச மனுசன் இவுரு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அந்தக் கண்ணீர் முழுதும் சிரிப்பினால் வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

என் கருத்தும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாமே நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்ல எனக்கு வராது. முதல் பக்கத்து மூன்றாவது பாட்டில் சிதார் சுருதி சேரவே இல்லை. நிலாப் பாட்டு ஏழு நிமிஷம், ஐந்தில் முடித்திருக்கலாம். ஆனால் நான்காவது நிமிஷத்தில் கிடார் உறுமத் தொடங்கி, டிரம் அதைத் துரத்தி, நீங்கள் எங்கோ உயரத்திலிருந்து கத்துகிறீர்களே, அங்கே ரயில் தண்டவாளத்தை விட்டுக் கிளம்பிவிட்டது. ரீல் இல்லை. அதை மூன்று தடவை போட்டுக் கேட்டேன்.

இன்னொரு சேதி. நிலாப் பாட்டைச் செல்போனில் பதிந்து, உங்கள் டைரியில் இருந்த நம்பருக்கு அனுப்பினேன். டிரம் வாசித்த நாகராஜ் அங்கிள் ஐந்தே நிமிஷத்தில் கூப்பிட்டார்.

"ஏனப்பா, இது எங்க கெடச்சுது? இதுதான்ப்பா நம்ம ஸ்பீடு! உங்க பெரியப்பன் ஒரு பொங்கலுக்குப் போன் பண்ணி, 'நாகா, நீ தூங்கிட்டே வாசிச்சிருக்கடா, ரெக்கார்டே நாசம்'னான். 'நான் தூங்கலடா, ஒழுங்காதான் வாசிச்சேன்'னா கேக்கவே இல்ல. சாவற வரைக்கும் பழி என் மேல!"

"அங்கிள், பழி என் மேலதான். டிரான்ஸ்பார்மர் கட்டுனது நான்."

 "அவன் கிட்ட சொல்லிடுப்பா" என்றார். இல்லாத ஆளிடம் எப்படிச் சொல்வது என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆகவே சொல்கிறேன். நாகராஜ் தூங்கவில்லை பெரியப்பா. நீங்கள் முனகவில்லை. அன்று கேட்டது நீங்கள் வாசித்ததே இல்லை. நீங்கள் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாகராஜ் அங்கிள் பெங்களூரிலிருந்து வருகிறார். முழுத் தட்டையும் போட்டுக் கேட்கப் போகிறோம். பெரியம்மா பெட்டியை மறுபடி பரணில் ஏற்றாமல் ஹாலில் வைத்து, டிவியை ஓரமாகத் தள்ளிவிட்டார். அட்டையின் உள்பக்கம் நான் மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கிறேன்: "மூணு நிமிஷத்துக்கு நூறு சுத்து. கொறஞ்சா, இது அவங்க வாசிச்சது இல்ல." இனி இந்த வீட்டில் எண்ணிப் பார்க்காமல் யாரும் ஊசியை வைக்க முடியாது. நான் விட மாட்டேன்.

இப்படிக்கு,
ஊசியை வைத்தவனும் ரீல் என்றவனுமான
உங்கள் தம்பி மகன்,
சரவணன்