தவக்காலத்தில் தாய்மாமன் மடி

பிப். 18, புதன்

காலையில் பனி, பத்து மணிக்கே வெயில். சாம்பல் புதன். மாதா கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு நேராகக் கல்லூரிக்கு. துறையில் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. விபூதி என்று நினைத்திருப்பார்கள். நல்லது.

இந்தத் தவக்காலத்துக்கு எதை விடுவது? போன வருடம் காபி. தலைவலிதான் மிச்சம். என் தலைவலியால் கடவுளுக்கு என்ன லாபம் என்று இன்னும் விளங்கவில்லை.

மாலை, தங்கை மெர்சி போன். அடுத்த வார வெள்ளி அவள் மகளுக்குக் காதுகுத்து. ராசிங்காபுரத்தில், மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயிலில். கிடா விருந்து.

"அண்ணன் மடியில வச்சுத்தான் குத்தணும்க்கா. வராட்டி, தாய்மாமன் இல்லாத புள்ளையான்னு ஊரே கேக்கும்."

அவள் வேறு மதத்துப் பாண்டியைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து தம்பி சேவியருக்கு அவளோடு பேச்சு கிடையாது.

பிப். 20, வெள்ளி

வாங்க: முருங்கைக்காய், சோப்பு, பிரஷர் மாத்திரை.

மாலை சிலுவைப்பாதை. சிலுவையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சேவியர், வெறுங்காலோடு. ஈஸ்டர் வரை கறி, மீன் இல்லை. வெள்ளிதோறும் ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடு. வாசலில் பிடித்தேன்.

"பத்திரிகை வந்துச்சாடா?"

"வந்துச்சு. தவக்கால வெள்ளி, குலசாமி கோயிலு, கிடா வெட்டு. எப்படிக்கா வர்றது?"

முகத்தில் ஒரு நிம்மதி. நல்ல சாக்கு கிடைத்தவன் முகம்.

பிப். 22, ஞாயிறு

குரங்கணி வரை பஸ். அங்கிருந்து மேலே சேவியரின் தோட்டத்துக்கு ஜீப். டிரைவர்: "கம்பியப் புடிச்சுக்கங்க டீச்சர். நீங்க விழுந்தா சேவியர் அண்ணே என்னையச் சிலுவையில ஏத்திருவாரு."

சேவியர் ஏலச் செடிகளுக்குக் குழாய் பிடித்துக்கொண்டிருந்தான். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"கறி திங்கச் சொல்லல. சாமி கும்பிடச் சொல்லல. மடிய மட்டும் குடு."

"நான் ஒருசந்தி இருக்கேன்க்கா."

"கறிய விடுறது உனக்கு ஒரு சோலியாடா? சின்னதுலருந்தே உனக்குக் கறி புடிக்காது. விட முடியாதது ஒண்ணு இருக்குல்ல, மெர்சி மேல கோவம். அத விடு."

குழாயை அடுத்த செடிக்கு மாற்றினான்.

"நீ என்ன பங்குச் சாமியாரா?"

"சாமியாரா இருந்தா வலிக்காமச் சொல்லியிருப்பாரு."

டீ கொடுத்தான்.

நான் நம்புவது கொஞ்சம்தான். ஆனால் இதில் சந்தேகம் இல்லை: கஷ்டமில்லாததை விட்டுவிட்டு அதற்குத் தவம் என்று பெயர் வைக்கக் கூடாது. பசி அவனுக்கு வலிக்கவில்லை. தங்கை வலிக்கிறாள். தவம் அங்கேதான்.

பிப். 26, வியாழன்

சேவியரிடமிருந்து தகவல் இல்லை. மெர்சி விடாமல் போன். "பெரியம்மா மகன உக்கார வச்சிரலாமுங்கிறாங்கக்கா."

வருவான் என்றேன். எந்த ஆதாரமும் இல்லாமல். மாணவிகள் இப்படி எழுதினால் மதிப்பெண் குறைப்பேன்.

பிப். 27, வெள்ளி

ராசிங்காபுரம். புகை, மைக் செட், மசாலா வாசனை. ஆசாரி ஊசியோடு தயார்.

மெர்சியின் மாமியார்: "எங்கம்மா, புள்ளையோட தாய்மாமன்? வெரசா வரச் சொல்லு, நல்ல நேரம் போகுது."

மெர்சி என் பக்கமே திரும்பவில்லை.

மலை ஜீப் நேராகப் பந்தலுக்கே வந்து நின்றது. சேவியர். தட்டில் சின்னப் பட்டுப்பாவாடை, தங்கத் தோடு.

"வாங்க மச்சான்," பாண்டி. சேவியர் தலையாட்டிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மடியில் வைத்த குழந்தைக்கு அவனைத் தெரியாது. ஊசி பட்டதும் அவன் கழுத்துச் செபமாலையைப் பிடித்து இழுத்துக் கத்தியது.

"விடாத ஆத்தா, அதுதான் உங்க மாமனுக்கு மூக்கணாங்கயிறு," மாமியார். ஒரே சிரிப்பு. சேவியரும்.

பந்தி. மெர்சி இலை போட்டாள். "அண்ணே, உனக்குத் தனிச் சட்டியில பருப்புக் குழம்பு வச்சிருக்கேன். இன்னைக்கு வெள்ளின்னு எனக்குத் தெரியாதா?"

இலையில் தண்ணீர் தெளித்தான்.

"நீ சாப்ட்டியா ஆத்தா?"

இல்லை என்று தலையசைத்தாள். நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டான்.